திரையில்லாப் பெட்டியில் லினக்ஸ்: பழைய ஃபயர்வாலுக்கு மறுவாழ்வு தரும் முழுமையான வழிகாட்டி

அலுவலகங்களில் ஃபயர்வாலை (நெட்வொர்க்கைக் காக்கும் கருவி) மாற்றும்போது கழற்றி வைக்கப்படும் பழைய பெட்டி பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். உரிமக் காலம் முடிந்திருக்கும், அல்லது தயாரித்த நிறுவனம் அதற்குப் புதுப்பிப்பு தருவதை நிறுத்தியிருக்கும். உள்ளே இருப்பது ஒரு செயலி, கொஞ்சம் ரேம், சிறிய எஸ்எஸ்டி, நான்கு முதல் எட்டு வரை நல்ல நெட்வொர்க் போர்ட்டுகள். வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடுவதற்கென்றே செய்த வன்பொருள். ரவுட்டர், டிஎன்எஸ் சர்வர், விபிஎன் வாசல் என்று எத்தனையோ வேலைகளுக்கு இன்னும் அது பயன்படும்.

சாதாரணக் கணினியில் லினக்ஸ் நிறுவத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக இருப்பது ஒன்றே ஒன்று: பெட்டிக்குத் திரை கிடையாது. பேசுவதெல்லாம் சீரியல் கன்சோல் என்ற ஒற்றைக் கம்பி வழியாகத்தான். பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்), பூட்லோடர் (லினக்ஸை ஏற்றித் தருவது), கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), லாகின் என நான்கு கட்டங்களும் அந்தக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேச வேண்டும். ஒரு கட்டம் மௌனமாகிவிட்டால் பெட்டி செத்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான் பார்த்தவரை, முயற்சியைப் பாதியில் கைவிடுபவர்கள் இந்த மௌனத்தில்தான் கைவிடுகிறார்கள். அதனால் கன்சோல் விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

எந்தப் பெட்டி தேறும்?

முதலில் செயலி என்னவென்று தெரிய வேண்டும். இன்டெல் அல்லது ஏஎம்டி எக்ஸ்86 செயலி என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அது திரையில்லாத ஒரு சாதாரணக் கணினி, அவ்வளவுதான். ஏஆர்எம் அல்லது எம்ஐபிஎஸ் என்றால், அதே மாடலில் வேறு யாராவது ஏற்கெனவே லினக்ஸை ஓட வைத்திருக்கிறார்களா, ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்) பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது. சில பெட்டிகளின் பூட்லோடர் நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத எதையும் ஏற்றாது; அதனுடன் மோதுவதில் வாரங்கள் போய்விடும்.

பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். லானர், போர்ட்வெல், நெக்ஸ்காம் போன்ற தைவான் நிறுவனங்கள் செய்து தரும் பெட்டிகளில் வேறு நிறுவனங்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்பது சாதாரண வழக்கம். மூடியைத் திறந்து மதர்போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணைத் தேடினால் ஜம்பர்களின் (போர்டு முள்களை இணைக்கும் சிறு மூடிகள்) இடம், போர்ட் வரிசை எல்லாம் உள்ள கையேடே சில சமயம் கிடைத்துவிடும். திறக்கும் முன் மின் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் ரேக் வகைப் பெட்டிகளில் அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

திறந்ததும் உப்பிய கெப்பாசிட்டர் ஏதும் உண்டா, ஃபேன் தடையின்றிச் சுற்றுகிறதா, சிஆர்2032 பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரியை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்புறம் நிறுவும்போது சான்றிதழ் செல்லாது, தொகுப்புப் பட்டியல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றெல்லாம் பிழைகள் வரும். நெட்வொர்க்தான் கோளாறு என்று நினைத்து அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்டெல் ஆட்டம் சி2000 வரிசைச் செயலி இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சி2358, சி2558, சி2758 எல்லாம் இந்த வரிசையில் வருபவை. இவற்றின் பி0 பதிப்பில் கடிகாரத் துடிப்பை வெளியே அனுப்பும் சுற்று நாளடைவில் பலவீனமாகி, ஒரு நாள் பெட்டி பூட் ஆகாமலே போய்விடும். இன்டெலின் ஆவணத்தில் இந்தப் பிழையின் எண் ஏவிஆர்54. 2017 தொடக்கத்தில் இது பரவலாகத் தெரிய வந்தது. பின்னால் வந்த சி0 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். பி0 பதிப்பு இருக்கும் பெட்டியைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி ஒரு நெட்வொர்க்கை விடாதீர்கள்.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வேகத்தையும் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. ஃபோர்டினெட் போன்ற நிறுவனங்கள் பொட்டலங்களைக் கையாளத் தனிச் சில்லுகளைப் பயன்படுத்துகின்றன. லினக்ஸ் ஏற்றிய பிறகு வேலை முழுக்கப் பொதுச் செயலியின் தலையில்தான் விழும்.

கன்சோல் கம்பி

பெரும்பாலான பெட்டிகளில் கன்சோல் போர்ட் பார்ப்பதற்கு நெட்வொர்க் போர்ட் போலவே ஆர்ஜே45 வடிவில் இருக்கும். அதில் நெட்வொர்க் கேபிளைச் செருகாதீர்கள். மறுமுனை மின்சாரம் தரும் ஸ்விட்சாக இருந்தால் சுற்று கெட்டுவிடலாம். சிஸ்கோ கருவிகளுக்குப் பயன்படும் நீலநிற ரோல்ஓவர் கேபிள் பல பெட்டிகளுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதால் பின் வரிசையைக் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கணினிப் பக்கம் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. வெளியில் இருக்கும் ஆர்ஜே45 அல்லது ஒன்பது முள் போர்ட் ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தில் பேசும். மதர்போர்டில் நேரடியாக நீட்டிக்கொண்டிருக்கும் முள் வரிசை சில போர்டுகளில் 3.3 வோல்ட் டிடிஎல் அளவில் பேசும். டிடிஎல் அடாப்டரை ஆர்எஸ்-232 போர்ட்டில் செருகினால் அடாப்டர் எரிந்துபோகலாம்.

லினக்ஸ் கணினியில் செருகியதும் அடாப்டர் டெவ் அடைவில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று தோன்றும். டெபியனில் உங்கள் பயனர் டயல்அவுட் குழுவில் இருந்தால்தான் அதைத் திறக்க முடியும். திறப்பதற்கு எனக்குப் பிடித்தது பிகோகாம்: பிகோகாம் என்று எழுதி, மைனஸ் பி 115200, அதன்பின் சாதனத்தின் பாதை. மினிகாம், ஸ்கிரீன், விண்டோஸில் புட்டி எதுவானாலும் சரி. எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் அணைத்து வையுங்கள். ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கினால் பெட்டி சொல்வது தெரியும், நீங்கள் தட்டுவது மட்டும் போய்ச் சேராது.

இனி மின்சாரம் கொடுங்கள். வேகம் தவறாக இருந்தால் குப்பை எழுத்துகள் வரும். குப்பை வந்தால் கவலைப்பட வேண்டாம். கம்பி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 9600, 19200, 38400, 115200 என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால்தான் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே அவசரப்படாதீர்கள். பழைய மென்பொருளையே ஒருமுறை முழுக்கப் பூட் ஆக விட்டு, வரும் வரிகள் அத்தனையையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். செயலியின் பெயர், ரேமின் அளவு, நெட்வொர்க் சில்லுகள், சேமிப்பகத்தின் வகை எல்லாம் அதில் வந்துவிடும். பல ஃபயர்வால்கள் உள்ளுக்குள் லினக்ஸ் அல்லது ஃப்ரீபிஎஸ்டி மேல்தான் ஓடுகின்றன. அப்படியென்றால் எந்தப் போர்ட்டுக்கு எந்த டிரைவர் என்பதுகூட அந்தப் பதிவிலேயே கிடைக்கும். பின்னால் ஏதாவது சிக்கினால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

பயாஸ்

தொடக்க வரிகள் ஓடும்போது டெலிட், டேப், எஃப்2 விசைகளில் ஒன்றைத் தொடர்ந்து தட்டினால் பயாஸ் திறக்கும். கடவுச்சொல் கேட்டால் போர்டில் இருக்கும் சிமாஸ் (பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் நினைவகம்) ஜம்பரைக் கையேட்டின்படி மாற்றி அழிக்கலாம். ஒரு எச்சரிக்கை: சில போர்டுகளில் அப்படி அழித்ததும் சீரியல் திசைதிருப்பலும் (பயாஸ் திரையைக் கன்சோல் கம்பிக்கு அனுப்பும் வசதி) அணைந்துவிடும். போர்டில் விஜிஏ முள் வரிசை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு ஜம்பரைத் தொடுங்கள்.

உள்ளே போனதும் கன்சோல் திசைதிருப்பலின் வேகத்தை 115200 என்று வையுங்கள். பயாஸ் 9600, கர்னல் 115200 என்று இருந்தால் பாதி வழியில் திரை குப்பையாகிவிடும். நான்கு கட்டமும் ஒரே வேகத்தில் இருப்பது பெரிய நிம்மதி. யுஎஸ்பியிலிருந்து பூட் ஆக அனுமதி கொடுங்கள், தேதியைச் சரிசெய்யுங்கள், மின்சாரம் போய்த் திரும்பியதும் தானாக எழும்படி வையுங்கள்.

வாட்ச்டாக் என்று ஏதாவது தென்பட்டால் அதை அணையுங்கள். மென்பொருளிடமிருந்து குறித்த நேரத்துக்குள் சமிக்ஞை வராவிட்டால் பெட்டியை மறுதொடக்கம் செய்யும் சுற்று அது. ஒரு பெட்டியில் நிறுவல் எத்தனை முறை ஓடவிட்டாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அறுந்து மறுதொடக்கம் ஆனது. ரேம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, வேறு ரேம் மாட்டி, நினைவகச் சோதனையும் ஓட்டினேன். அந்தச் சோதனையும் அதே நிமிடக் கணக்கில் அறுந்தது. அப்போதுதான் புரிந்தது, எண்ணிக்கொண்டிருப்பது வாட்ச்டாக் என்று. பழுதான வன்பொருள் இவ்வளவு நேரந்தவறாமல் பழுதாகாது. நிறுவி முடிந்ததும் சரியான டிரைவரை ஏற்றி, லினக்ஸ் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் ரன்டைம்வாட்ச்டாக்செக் அமைப்பைக் கொடுத்தால் அதே வாட்ச்டாக் உங்களுக்குக் காவலாக நிற்கும்.

அழிப்பதற்கு முன்

சேமிப்பகத்தைக் கழற்ற முடிந்தால் வேறு கணினியில் மாட்டி, டிடி கட்டளையால் முழுப் பிரதி ஒன்று எடுங்கள். கழற்ற முடியாத இஎம்எம்சி (போர்டிலேயே பற்றவைத்த சேமிப்புச் சில்லு) என்றால் லைவ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து எடுக்கலாம். போர்ட்டுகளையோ முகப்பு விளக்குகளையோ இயக்கும் ஏதோ ஒன்று பழைய மென்பொருளில் மட்டும் இருந்தால், திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

அந்தப் பிரதியில் முந்தைய உரிமையாளரின் விபிஎன் சாவிகள், கடவுச்சொற்கள், நெட்வொர்க் வரைபடம் எல்லாம் இருக்கலாம். பெட்டி வேறொருவரிடமிருந்து வந்ததென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் பிரதி எடுக்காமல் அழித்துவிடுவதே முறை. எடுத்தாலும் குறியாக்கம் செய்து வைத்து, புதிய அமைப்பு நிலைத்ததும் அழித்துவிடுங்கள்.

எந்த லினக்ஸ்?

நான் டெபியனைத்தான் எடுப்பேன். 64 பிட் செயலியும் 1 ஜிபி ரேமும் இருந்தால் தாராளமாக ஓடும். நிறுவும் இடம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி. 4 ஜிபியிலும் குறைந்தபட்ச அமைப்பு அடங்கிவிடும். டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவல் படத்திலேயே ஃபர்ம்வேர் கோப்புகள் சேர்ந்து வருவதால், பிராட்காம் போன்ற சில்லுகளுக்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை.

செயலி 32 பிட் என்றால் நிலைமை வேறு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அந்த வகைக்கான நிறுவல் படமே கிடையாது. அங்கே ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் நல்ல துணை. ரவுட்டர் வேலை மட்டும் போதும், இணையப் பக்கம் வழியாக எல்லாவற்றையும் இயக்க வேண்டும் என்பவர்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டியின் எக்ஸ்86 படம் இன்னும் சுலபம். இதே பெட்டிகளில் பலர் ஏற்றும் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி வழி வந்தவை.

நிறுவல்: முதல் வழி

பென்டிரைவில் படத்தை எழுதிச் செருகி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். பயாஸ் வரிகள் வந்துகொண்டே இருந்து திடீரென்று நின்றுபோகும். நிறுவியின் மெனு கிராஃபிக்ஸ் முறைக்கு மாறிவிட்டது, சீரியல் கம்பியால் அதைக் காட்ட முடியவில்லை. முன்னே சொன்ன மௌனத்தை முதலில் சந்திப்பது இங்கேதான்.

பழைய பயாஸ் முறையில் எஸ்கேப் விசையைத் தட்டினால் மெனு விலகி பூட் என்று தொடங்கும் கட்டளை வரி வரும். அது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம்; தெரியாவிட்டாலும் தட்டுங்கள்: இன்ஸ்டால், ஓர் இடைவெளி, விஜிஏ=ஆஃப், ஓர் இடைவெளி, மூன்று சிறு கோடுகள், ஓர் இடைவெளி, கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200என்8. அப்புறம் என்டர். சில நொடிகளில் கர்னல் வரிகள் பொழியத் தொடங்கும். பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறையில் கிரப் (பூட்லோடர்) மெனு தெரிந்தால் இ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அதே கன்சோல் பகுதியைச் சேர்த்துவிட்டு, கன்ட்ரோல் எக்ஸ் கொடுங்கள். எஃப்10 விசை சீரியல் வழியாகப் பல நேரம் போய்ச் சேராது.

அந்த மூன்று கோடுகளை விட்டுவிடாதீர்கள். அவற்றுக்குப் பின்னால் எழுதுவதை டெபியன் நிறுவி, புதிதாக நிறுவப்படும் அமைப்புக்கும் எடுத்துச் செல்லும். அதனால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் கர்னல் அதே கம்பியில் பேசும். கர்னல் எந்தச் சீரியல் போர்ட்டைக் கன்சோலாக எடுத்துக்கொள்கிறதோ, அதில் லாகின் கேட்பதை சிஸ்டம்டி தானாகவே பார்த்துக்கொள்ளும்.

நிறுவல் கேள்விகள் வழக்கமானவைதான். மென்பொருள் தேர்வில் டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம். எஸ்எஸ்எச் சர்வரும் (தொலைவிலிருந்து நுழைவதற்கு) அடிப்படைக் கருவிகளும் போதும். சிறிய ஃபிளாஷ் சேமிப்பகத்தில் ஸ்வாப் பகுதி வைக்காதீர்கள். நெட்வொர்க் கேபிளை எந்தப் போர்ட்டில் செருகுவது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நிறுவி இணைப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும்.

இரண்டாவது வழி

மெனு மௌனம் கலையவே இல்லையென்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, அங்கே நிறுவித் திரும்பக் கொண்டுவரலாம். எனக்கு அவசரமென்றால் இதைத்தான் செய்வேன். அந்தக் கணினியின் சொந்த வட்டைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். தவறான வட்டு அழிய வாய்ப்பே இருக்கக் கூடாது.

பெட்டி பழைய பயாஸ் முறையில் எழுமென்றால் அந்தக் கணினியிலும் அதே முறையில் நிறுவ வேண்டும். யுஇஎஃப்ஐ என்றால், பூட் பதிவு அந்தக் கணினியின் போர்டில்தான் எழுதப்பட்டிருக்கும். உங்கள் பெட்டிக்கு அது தெரியாது. எக்ஸ்பர்ட் முறையில் நிறுவினால், கழற்றி மாட்டும் ஊடகத்துக்கான பாதையிலும் கிரப்பை வைக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். வட்டை மாற்றும் முன் கன்சோல் அமைப்பை மறக்காமல் எழுதுங்கள். நெட்வொர்க் பெயர்கள் மட்டும் இடம் மாறியதும் வேறாகிவிடும். கன்சோல் வழியாக நுழைந்து திருத்தலாம்.

நான்கு கட்டங்களையும் கோத்தல்

எந்த வழியில் நிறுவினாலும் இடிசி அடைவில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் கிரப் கோப்பைத் திறந்து மூன்று வரிகளைச் சரிபாருங்கள். கிரப்_டெர்மினல் என்பதற்கு மேற்கோளுக்குள் சீரியல் கன்சோல் என்ற இரு சொற்கள். கிரப்_சீரியல்_கமாண்ட் என்பதற்கு சீரியல், இரு கோடு யூனிட்=0, இரு கோடு ஸ்பீட்=115200. கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ் என்பதற்கு கன்சோல்=டிடிஒய்0, அதன்பின் கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200என்8. இந்த வரிசை முக்கியம்: கடைசியாக வருவதே முதன்மைக் கன்சோல் ஆகும். முடித்ததும் அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.

மறுதொடக்கம் செய்து பாருங்கள். பயாஸ் பேசி, கிரப் மெனு வந்து, கர்னல் வரிகள் ஓடி, லாகின் கேட்டால் பெட்டி இனி உங்களுடையது. எங்கே நிற்கிறதோ அந்தக் கட்டத்தின் அமைப்பை மட்டும் பாருங்கள். கிரப் வரை வந்து நின்றால் கர்னல் வரி தவறு. கர்னல் வரிகள் வந்து லாகின் வராவிட்டால் டிடிஒய்எஸ்0 போர்ட்டுக்கான சீரியல்-கெட்டி சேவையை இயக்குங்கள். சில போர்டுகளில் கன்சோல் முதல் சீரியல் போர்ட்டாக இருக்காது. அப்போது டிடிஒய்எஸ்1 என்று மாற்றி, கிரப் வரியில் யூனிட் எண்ணையும் 1 ஆக்கிப் பார்க்க வேண்டும்.

எந்தப் போர்ட் எது?

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் லினக்ஸ் வைக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஈத்டூல் மைனஸ் பி என்று எழுதிப் போர்ட் பெயரையும் 10 என்ற எண்ணையும் கொடுத்தால், அந்தப் போர்ட்டின் விளக்கு பத்து நொடி மினுக்கும். ஒவ்வொன்றையும் மினுக்க வைத்து எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு அடங்கிக் கிடந்தால் கேபிளைச் செருகி, ஐபி லிங்க் கட்டளையில் எதன் நிலை மாறுகிறது என்று பாருங்கள். பிறகு சிஸ்டம்டியின் லிங்க் கோப்புகளில் மேக் முகவரியை (போர்ட்டின் வன்பொருள் எண்) வைத்து வெளி, உள் என்று பொருள் தரும் பெயர்களையே கொடுத்துவிடலாம்.

எட்டுப் போர்ட் இருந்தும் லினக்ஸ் இரண்டை மட்டும் காட்டினால், மற்றவை உள்ளே ஒரு ஸ்விட்ச் சில்லுக்குப் பின்னால் இருக்கலாம். அதற்குத் தனி டிரைவர் வேண்டும். இன்னொன்று பைபாஸ். சில பெட்டிகளில் இரண்டு போர்ட்டுகளை ரிலே ஒன்று இணைத்திருக்கும். மின்சாரம் போனால் அவை இரண்டும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும், நெட்வொர்க் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஜோடியில் ஒன்றை வெளியுலகத்துக்கும் மற்றொன்றை உள்வலைக்கும் கொடுத்தால், பெட்டி அணைந்த நொடியில் உங்கள் உள்வலை காவலின்றி வெளியே நிற்கும். பயாஸில் பைபாஸை அணையுங்கள்; முடியாவிட்டால் அந்த ஜோடியைப் பிரித்துப் பயன்படுத்துங்கள்.

ரவுட்டராக்குதல்

இந்த வேலை முடியும்வரை பெட்டியை ஏற்கெனவே இருக்கும் ரவுட்டருக்குப் பின்னால் வைத்திருங்கள். சிஸ்டம்டி நெட்வொர்க்டியில் வெளிப் போர்ட்டுக்கு டிஎச்சிபி, உள் போர்ட்டுக்கு நிலையான முகவரி. பொட்டலங்களைக் கடத்திவிட அனுமதிக்கும் நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் மதிப்பு 1. உள்வலைக்கு முகவரியும் பெயர்த் தேடலும் தர டிஎன்எஸ்மாஸ்க் போதும்.

லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில் உள்வரும் சங்கிலியின் (விதிகளின் வரிசை) அடிப்படைக் கொள்கை டிராப், அதாவது தள்ளிவிடுவது. அதன் மேல், ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகள், லூப்பேக், உள்வலையிலிருந்து வரும் எஸ்எஸ்எச், டிஎன்எஸ், டிஎச்சிபி ஆகியவற்றை அனுமதியுங்கள். ஐசிஎம்பி வகைகளை மொத்தமாக அடைக்காதீர்கள். ஐபிவி6-இல் பக்கத்துக் கருவிகளைக் கண்டுபிடிப்பதே அதன் வழியாகத்தான். ஃபார்வர்ட் சங்கிலியும் டிராப். உள்ளிருந்து வெளியே போவதும் அதற்கான பதில்களும் மட்டும் கடக்கட்டும். ஐபிவி4-க்கு வெளிப் போர்ட்டில் மாஸ்கரேட் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றி அனுப்புவது). கோப்பை ஏற்றும் முன் என்எஃப்டி மைனஸ் சி மைனஸ் எஃப் கொண்டு சரிபாருங்கள். விதி தவறி எஸ்எஸ்எச் அறுந்தால் பரவாயில்லை, கன்சோல் கையில் இருக்கிறது.

விபிஎன் வேண்டுமென்றால் வயர்கார்டு 5.6 பதிப்பிலிருந்து கர்னலிலேயே இருக்கிறது. செயலியில் ஏஇஎஸ் முடுக்கம் இல்லாத பழைய பெட்டிகளுக்கு அது மிகவும் ஏற்றது, ஏனென்றால் அது பயன்படுத்தும் சாச்சா20 குறியாக்கத்துக்கு அந்த முடுக்கமே தேவையில்லை.

நீண்ட ஓட்டத்துக்கு

சேமிப்பகம் சிஎஃப் கார்டோ இஎம்எம்சியோ என்றால் எழுதும் அளவைக் குறையுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் நோஏடைம் சேருங்கள்; ஜர்னல்டியில் ஸ்டோரேஜ்=வோலடைல் கொடுத்தால் பதிவுகள் ரேமிலேயே நிற்கும். ஆனால் மறுதொடக்கத்தில் அவை போய்விடும் என்பதால் முக்கியமானவற்றை வேறொரு கணினிக்கு அனுப்புங்கள். ஃபேன் இரைச்சலுக்கு எல்எம்-சென்சார்ஸும் ஃபேன்கன்ட்ரோலும் உண்டு. வெப்பநிலையைச் சில நாள் கவனித்த பிறகே ஃபேன் வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு மின் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பயாஸிலிருந்து லாகின் வரை யார் கையும் படாமல் வந்து, உள்வலையில் இணையமும் கிடைத்தால் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு இதை அந்த இடத்தில் வையுங்கள். கன்சோல் வேகம், கம்பியின் வகை, எந்தப் போர்ட்டுக்கு என்ன பெயர் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்; அடுத்த முறை இதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.